ஸ்பேம் தானாக அழிவதை நம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது எப்படி: மலையில் தொழில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பழனி மலைத்தொடரில் மின்னஞ்சலை நம்பித் தொழில் நடத்துபவர்கள் இன்று பல வகையினர். கொடைக்கானலிலும் வட்டக்கானலிலும் வீட்டின் சில அறைகளை ஹோம்ஸ்டேயாக விடும் குடும்பங்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில் காப்பியும் மிளகும் விளைவித்து இடைத்தரகர் இல்லாமல் வெளியூருக்கு அனுப்பும் தோட்டக்காரர்கள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை நேரடியாக விற்கும் விவசாயிகள் என எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவர்களுக்கு வருமானம் தரும் கடிதம் பெரும்பாலும் முன்பின் தெரியாதவரிடமிருந்துதான் வருகிறது. முகவரிப் புத்தகத்தில் இல்லாத ஒருவர், இரண்டே வரியில், "மே இரண்டாம் வாரம் நான்கு பேருக்கு அறை கிடைக்குமா" என்று கேட்கிறார். வேண்டாத கடிதங்களைப் பிரித்து ஒதுக்கும் ஸ்பேம் வடிகட்டியின் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரிய கடிதத்தின் அடையாளங்களும் ஏறக்குறைய இவையே.

அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு எழுதப்படும் அறிவுரை, "ஸ்பேமைத் தானாக அழிய விட்டுவிடுங்கள், நிம்மதியாக இருங்கள்" என்பதோடு முடிந்துவிடும். மலையில் தொழில் செய்பவருக்கு அது போதாது. தானாக அழியும் வசதி மிகவும் பயனுள்ளது. சீசன் நாட்களில் அது இல்லாமல் சமாளிப்பதே கடினம். ஆனால் எத்தனை நாள் கழித்து அழிய வேண்டும் என்ற எண்ணை, நீங்கள் அதிகபட்சம் எத்தனை நாள் ஸ்பேம் பெட்டியைப் பார்க்காமல் இருக்க நேரிடும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு கணக்கைச் சரியாக அமைப்பதற்கானது.

எடுத்துக்காட்டுக்குத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது, அழிக்கும் விதிகளை நுணுக்கமாக அமைக்க இடம் தருவது. ஆங்கிலப் பட்டியலில் காணப்படும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பதிப்பைப் பொறுத்து "ஜங்க்" என்ற சொல்லுக்குப் பதிலாக "ஸ்பேம்" என்றும் இருக்கலாம்.

எத்தனை இடங்களில் அழிகிறது என்பதை முதலில் அறியுங்கள்

ஒரு கடிதம் மூன்று இடங்களில் காணாமல் போகலாம். முதலாவது, உங்கள் அஞ்சல் சேவையின் சர்வர், அதாவது அதன் மையக் கணினி, அதை ஏற்கும்போதே நிராகரிப்பது அல்லது அழிப்பது. இரண்டாவது, சர்வரில் உள்ள ஸ்பேம் கோப்புறை குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தன்னைத்தானே காலி செய்துகொள்வது. மூன்றாவது, உங்கள் கணினியில் உள்ள செயலி தனக்கென்று ஒரு நாள் கணக்கு வைத்துக்கொண்டு அழிப்பது. இவற்றில் எது குறைந்த நாளோ அதுவே நடைமுறைக்கு வரும். ஜிமெயில் ஸ்பேமை 30 நாளில் நீக்குகிறது. தண்டர்பேர்டு தன் அமைப்பில் 14 நாள் என்ற எண்ணோடு வருகிறது. இரண்டையும் இணைத்து, தண்டர்பேர்டில் அழிக்கும் பெட்டியை டிக் செய்துவிட்டால், உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் 14 நாள்தான்.

கடிதங்களைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலக் காட்டும் ஐமேப் முறையில் கணக்கை இணைத்திருந்தால், கணினியில் அழிவது சர்வரிலும் அழியும், அதனால் கைபேசியிலும் அழியும். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இணைத்திருந்தால் நிலைமை வேறு: ஜிமெயில் போன்ற சேவைகளில் ஸ்பேம் கோப்புறை கணினிக்கு வந்து சேரவே சேராது, அதைப் பார்க்க உலாவி வழியாகத்தான் செல்ல வேண்டும். தொழிலுக்கான கணக்கு என்றால் ஐமேப் முறையையே பரிந்துரைக்கிறேன்.

சர்வரில் செய்ய வேண்டியவை

சொந்த டொமைனில், அதாவது தங்கள் தொழிலின் பெயரில் பதிவு செய்த இணையப் பெயரில், முகவரி வைத்திருப்பவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தையும் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டியையும் தருகின்றன. அது ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் இடும். வழக்கமான எல்லை 5. அந்த எண்ணைக் குறைக்கக் குறைக்க வடிகட்டி கடுமையாகும். "ஸ்பேம் ஃபில்டர்ஸ்" பக்கத்தில் புதிய ஸ்பேமை உடனுக்குடன் அழிக்கும் ஆட்டோ டெலீட் வசதியும், தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் ஸ்பேம் பாக்ஸ் வசதியும் அருகருகே இருக்கும். ஆட்டோ டெலீட்டை அணைத்துவிட்டு ஸ்பேம் பாக்ஸை இயக்குங்கள். ஆட்டோ டெலீட் அழித்த கடிதம் உங்கள் கண்ணில் ஒருமுறைகூடப் படுவதில்லை. அப்படி ஒன்று வந்தது என்பதே தெரியாது. இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள்கூட இதை மட்டும் இன்றே சரிபாருங்கள்.

ஜிமெயிலில் 30 நாள் என்ற எண்ணை மாற்ற வழியில்லை. ஸ்பேமிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுபவை குப்பைத் தொட்டிக்குச் செல்லாமல் நேரடியாக மறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஸ்பேமாக வரும் எல்லாவற்றையும் நேரே குப்பைத் தொட்டிக்கு அனுப்பும்படி ஒரு விதி எழுதிக்கொள்பவர்களும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் 30 நாள் அவகாசத்தை அது கூட்டுவதில்லை. தவறிப்போன நல்ல கடிதத்தை, நீங்கள் அழித்த மற்றவற்றின் நடுவே தேட வைக்கிறது. அதனால் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆப்பிளின் ஐகிளவுடும் ஜங்க் கோப்புறைக்கு 30 நாள்தான் தருகிறது. மேக்கில் உள்ள மெயில் செயலியில் தனியாக, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், செயலியை மூடும்போது, ஒருபோதும் வேண்டாம் எனத் தேர்வுகள் உண்டு. அதில் "ஒருபோதும் வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தண்டர்பேர்டில் ஜிமெயிலை இணைப்பவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். உலாவியில் ஜிமெயிலின் அமைப்புகளுக்குச் சென்று, லேபிள்ஸ் பகுதியில், ஸ்பேம் என்பதற்கு நேரே "ஷோ இன் ஐமேப்" டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வர் பிடித்த ஸ்பேம் தண்டர்பேர்டில் தெரியாது.

தண்டர்பேர்டில் படிப்படியாக

மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டுப் பட்டியலைத் திறந்து "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" செல்லுங்கள். இடப்பக்கம் உங்கள் கணக்கின் பெயருக்குக் கீழே "ஜங்க் செட்டிங்ஸ்" இருக்கும். இந்த ஒரு பக்கத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து, இடையே சில வாரங்கள் விட்டு அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் டிக் செய்துவிட்டு எழுந்துபோவதுதான் நல்ல கடிதங்கள் அழிவதற்கான நேர்வழி.

முதல் கட்டத்தில் மேலே உள்ள முதல் பெட்டியை மட்டும் டிக் செய்யுங்கள். அது தண்டர்பேர்டின் கற்றுக்கொள்ளும் வடிகட்டியை இயக்குகிறது. அதன் கீழே, எந்த முகவரிப் புத்தகங்களில் உள்ளவர்களின் கடிதங்களை ஸ்பேமாகக் குறிக்கக் கூடாது என்ற பட்டியல் இருக்கும். அங்கே "பெர்சனல் அட்ரஸ் புக்" மட்டுமன்றி "கலெக்டட் அட்ரசஸ்" என்பதையும் தேர்ந்தெடுங்கள். பிறகு பொது அமைப்புகளில் "கம்போசிஷன்" பகுதிக்குச் சென்று, நாம் எழுதும் முகவரிகளைத் தானாகக் "கலெக்டட் அட்ரசஸ்"-இல் சேர்க்கும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் சேர்ந்தால், நீங்கள் ஒருமுறை பதில் எழுதிய எவருடைய கடிதத்தையும் தண்டர்பேர்டு இனி ஸ்பேம் என்று குறிக்காது. உங்கள் சொந்த முகவரி அந்தப் புத்தகங்களில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அனுப்புநர் இடத்தில் பெறுபவரின் முகவரியையே பொய்யாக இட்டு வரும் மோசடிக் கடிதங்கள் நிறைய உண்டு.

இந்தக் கட்டத்தில் ஸ்பேமை நகர்த்தும் பெட்டியை டிக் செய்யாதீர்கள். வடிகட்டி சந்தேகிக்கும் கடிதங்கள் இன்பாக்சிலேயே, ஜங்க் அடையாளத்துடன் நிற்கும். அது எதையெல்லாம் சந்தேகிக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்துத் திருத்துவதற்கான காலம் இது.

இரண்டாம் கட்டத்தில் "மூவ் நியூ ஜங்க் மெசேஜஸ் டு" என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் இங்கே "அதர்" என்பதைத் தேர்ந்து, ஜிமெயிலின் ஸ்பேம் கோப்புறையையே காட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் தண்டர்பேர்டு தனியாக ஜங்க் என்று ஒரு கோப்புறையை உருவாக்கிவிடக்கூடும். ஜிமெயிலுக்கு அது சாதாரண லேபிள் மட்டுமே. அங்கே சேர்வதிலிருந்து ஜிமெயில் எதையும் கற்காது, 30 நாள் விதியும் அதற்குப் பொருந்தாது.

மூன்றாம் கட்டம் அழித்தல். அதே பக்கத்தின் அடியில் "ஆட்டோமேட்டிக்கலி டெலீட் ஜங்க் மெயில் ஓல்டர் தேன்" என்ற வரியில் நாட்களின் எண்ணிக்கையை இட வேண்டும். அதில் என்ன எண் எழுதுவது என்பதற்கு முன், வடிகட்டியைப் பழக்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழகாத வடிகட்டிக்கு எந்த எண்ணும் பாதுகாப்பானதன்று.

வடிகட்டியைப் பழக்குவது

தண்டர்பேர்டின் வடிகட்டி பேயீசிய முறையில் இயங்குகிறது. நீங்கள் ஸ்பேம் என்று குறித்த கடிதங்களில் எந்தெந்தச் சொற்கள் எவ்வளவு முறை வந்தன, நல்லவை என்று குறித்தவற்றில் எவ்வளவு முறை வந்தன என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதிய கடிதத்தின் சொற்களை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. கெட்டதை மட்டும் காட்டிப் பழக்கினால் அதற்கு நல்லது எது என்று தெரியாது. ஸ்பேமுக்கு ஜே விசையும், ஸ்பேம் அல்லாததற்கு ஷிஃப்ட்டுடன் ஜே விசையும் போதும். இன்பாக்சில் உள்ள பழைய விருந்தினர் கடிதங்களையும் வியாபாரக் கடிதங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நல்லவை என்று குறித்து வையுங்கள். சீசன் தொடங்கும் முன்பே, மார்ச் மாதத்தில் இதைச் செய்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதப்படும் கடிதங்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. இந்த வடிகட்டிக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. அறை, அறைக்கு, அறையில், அறைகள் என்பவை அதற்கு நான்கு வேறு சொற்கள். அதனால் தமிழ்க் கடிதங்களை நல்லவை என்று அதிக எண்ணிக்கையில் காட்டினால்தான் அதன் கணக்கு தேறும்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது மற்றொன்று. பயண நிறுவனங்களும் அறை முன்பதிவுத் தளங்களும் அனுப்பும் விளம்பரக் கடிதங்கள் எரிச்சலூட்டுபவைதாம். ஆனால் அவற்றை ஸ்பேம் என்று குறிக்காதீர்கள். அந்தக் கடிதங்களில் நிறைந்திருக்கும் சொற்கள் எவை? அறை, முன்பதிவு, செக்-இன், கொடைக்கானல், வார இறுதி, தள்ளுபடி. நாளுக்குப் பத்து முறை அவற்றை ஸ்பேம் என்று அழுத்திக்கொண்டே வந்தால், உங்கள் வாடிக்கையாளர் எழுதும் சொற்களையே ஸ்பேமின் அடையாளமாக வடிகட்டிக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். ஏப்ரலில் அறை கேட்டு வரும் உண்மையான கடிதம் ஜங்கில் விழுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. நீங்களே எப்போதோ பதிவு செய்த நிறுவனம் என்றால், கடிதத்தில் உள்ள அன்சப்ஸ்க்ரைப் வசதியால் நிறுத்துங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புபவர்கள் அனுப்புநர் உண்மையை உறுதிப்படுத்தும் முறைகளையும், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் தர வேண்டும் என்று கூகுள் 2024 முதல் விதித்திருப்பதால், பெரிய நிறுவனங்களின் கடிதங்களில் இது இப்போது எளிது. யாரென்றே தெரியாதவர் அனுப்பிய கடிதத்தில் மட்டும் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவருக்கு அது சொல்லிவிடும். அத்தகையவற்றுக்கு ஜே விசைதான் சரி.

பழக்கம் கெட்டுப்போய்விட்டது, நல்லவை தொடர்ந்து மாட்டுகின்றன என்றால், பொது அமைப்புகளில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் "ரீசெட் டிரெய்னிங் டேட்டா" பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதே பகுதியில், நாம் ஸ்பேம் என்று குறித்ததை உடனே அழிக்கவா, கோப்புறைக்கு நகர்த்தவா என்ற தேர்வும் இருக்கிறது, நகர்த்துவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவர் கடிதத்துக்கு ஒரு வாசல்

முகவரிப் புத்தகம் தெரிந்தவர்களைக் காப்பாற்றும். தெரியாதவர்களைக் காப்பாற்றச் சொற்களைத்தான் பயன்படுத்த வேண்டும். ஜிமெயிலைக் கணினி உலாவியில் திறந்து, அமைப்புகளில் "ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரசஸ்" பகுதியில் புதிய ஃபில்டர் ஒன்றை உருவாக்குங்கள். கைபேசிச் செயலியில் இந்த வசதி கிடையாது. சொற்கள் என்ற இடத்தில், உங்கள் விடுதியின் பெயர், உங்கள் ஊரின் பெயர், நீங்கள் விற்கும் பொருளின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், நடுவே "அல்லது" எனப் பொருள்படும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் "நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

சொற்களைத் தேர்வதில்தான் திறமை இருக்கிறது. "அறை" அல்லது "ஆர்டர்" போன்ற பொதுச் சொற்களை இட்டால் குப்பை முழுவதும் உள்ளே வந்துவிடும். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி போன்ற ஊர்ப்பெயர்களும், மலைப்பூண்டு என்ற சொல்லும் உலகம் முழுவதற்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் ஸ்பேமரின் வாயில் வருவது அரிது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வரப்போகும் விருந்தினர் அதைப் பற்றிக் கேட்டு எழுதுவது இயல்பு. அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு விளம்பரக் கடிதம் இந்த வாசல் வழியாக நுழைந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்டர்பேர்டிலும் "டூல்ஸ்" பட்டியலில் "மெசேஜ் ஃபில்டர்ஸ்" வழியாக இதே சொற்களுக்கு ஒரு விதி எழுதி, ஜங்க் வகைப்படுத்தலுக்கு முன்பே இயங்கும்படி அமைத்து, செயலாக "நாட் ஜங்க்" நிலையைக் கொடுக்கலாம்.

எத்தனை நாள்?

தண்டர்பேர்டு நாட்களை எண்ணுவது கடிதத்தின் தேதியிலிருந்து. நீங்கள் அதைப் பார்த்த நாளிலிருந்து அன்று. அழிக்கும் வேலையையும் செயலி திறந்திருக்கும்போதுதான் செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 14 நாள் என்று வைத்திருக்கிறீர்கள். மழையில் மின்சாரமும் இணைய இணைப்பும் போய் மூன்று வாரம் கணினியைத் திறக்கவில்லை. இணைப்பு வந்ததும் திறக்கிறீர்கள். முதல் வாரத்தில் வந்து ஸ்பேமில் விழுந்த கடிதங்கள் கெடு கடந்தவையாகவே உள்ளே வருகின்றன. நீங்கள் அந்தக் கோப்புறைப் பக்கம் போவதற்கு முன்பே அவை அழிந்துபோகலாம்.

இது கற்பனைக் கவலை அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து, சாலைகள் அடைபட்டு, மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைவிடச் சிறிய தடங்கல்கள் வழக்கமானவை. கீழே மதுரையிலோ சென்னையிலோ பிள்ளைகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிவரும் முதியவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே, ஜிமெயில் அல்லது ஐகிளவுடு வைத்திருப்பவர்கள் தண்டர்பேர்டின் அழிக்கும் பெட்டியை டிக் செய்யாமலே விடுங்கள். சர்வரின் 30 நாள் ஒன்றே போதும். இரண்டு கெடுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. சொந்த டொமைன் வைத்து, சர்வர் தானாகக் காலி செய்யாத நிலையில் இருப்பவர்கள் 45 அல்லது 60 என்று எழுதுங்கள். ஸ்பேம் கடிதங்கள் பெரும்பாலும் சிறியவை. ஒரு மாதம் கூடுதலாக இருப்பதால் இடம் நிரம்பிவிடாது. சீசன் மாதங்களான ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மற்ற நாட்களில் வாரம் ஒருமுறையும் ஸ்பேம் பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை. ஜிமெயிலில் ஸ்பேம் கோப்புறையைத் திறந்தால் அதற்கான குறி தேடல் பெட்டியில் தானாக வந்து நிற்கும். அதன் பின்னே ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

தொடக் கூடாத ஓர் இடம்

அக்கவுண்ட் செட்டிங்சில் "சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்" பக்கத்தின் அடியில், குறிப்பிட்ட நாளுக்கு மேற்பட்ட கடிதங்களை அழிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. ஸ்பேமுக்கானது என்று எண்ணி அங்கே 30 என்று எழுதிவிடாதீர்கள். அது கணக்கு முழுமைக்கும், இன்பாக்ஸ் உட்பட எல்லாக் கோப்புறைகளுக்கும் பொருந்துவது. ஐமேப் கணக்கில் சர்வரில் உள்ள மூலக் கடிதங்களையும் நிரந்தரமாக நீக்கிவிடும். ஒரு கோப்புறைக்கு மட்டும் விதி வேண்டுமென்றால், அந்தக் கோப்புறையின்மேல் வலப்பக்கச் சொடுக்கு இட்டு, "பிராப்பர்ட்டீஸ்" திறந்து, "ரிட்டென்ஷன் பாலிசி" பகுதியில், கணக்கின் பொது விதியைப் பின்பற்றும் டிக்கை எடுத்துவிட்டு எண்ணை எழுதுங்கள். அங்கே நட்சத்திரமிட்ட கடிதங்களை எப்போதும் வைத்திருக்கும் தேர்வும் உண்டு. அதை இயக்கி வைப்பது நல்லது.

அழித்த பின்னும் வட்டில் இடம் குறையவில்லை என்றால், "ஃபைல்" பட்டியலில் "காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்" கொடுங்கள். தண்டர்பேர்டு அழித்தவற்றை அதுவரை மறைத்து மட்டுமே வைத்திருக்கும்.

அழியவே கூடாத ஸ்பேம்

பணம் கேட்டு மிரட்டும் கடிதம், வங்கியின் பெயரில் வந்த பொய்க் கடிதம், அறைக்கு அதிகமாகப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி மீதியைத் திருப்பிக் கேட்கும் கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் நீங்களோ வீட்டில் ஒருவரோ பணம் இழந்திருந்தால், அந்தக் கடிதம் இனி ஸ்பேம் அன்று, சான்று. அதை நாள் கணக்கில் அழிய விடக் கூடாது. தண்டர்பேர்டில் அந்தக் கடிதத்தைத் தேர்ந்து "சேவ் ஆஸ்" வழியாக இஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். திரையின் படம் மட்டும் எடுத்து வைப்பது போதாது. கடிதம் எந்தச் சர்வர்கள் வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கும். சேமித்ததும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்க வேண்டியிருப்பதால், அங்கே முதல் சில மணி நேரமே முக்கியமானது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து, அந்த இஎம்எல் கோப்பைப் புகார் எண்ணுடன் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.